பொத்தான் டப்பாவில் ஒரு போலி

அன்னெக்ரெட் பொத்தான் டப்பாவை அப்பாவின் கால்மாட்டில் கவிழ்த்தாள். ஊரே பொத்தான் செய்து பிழைத்த லூடன்ஷைடில் வீட்டுக்கு வீடு இப்படியொரு பிஸ்கட் டப்பா உண்டு. இந்த வீட்டு டப்பாவைக் கொண்டு ஒரு பட்டாளத்துக்கே சட்டைப் பொத்தான் தைக்கலாம். அவளுக்கு வேண்டியதோ ஒரே ஒரு வெள்ளைப் பொத்தான். விடியலில் இறந்துபோன அப்பா ரைன்ஹோல்டுக்கு நல்ல சட்டை போட்டாயிற்று. நெஞ்சுப் பையில் மட்டும் பொத்தான் இல்லை. அந்தப் பையில் தாத்தாவின் படத்தை வைத்து அனுப்ப வேண்டும் என்று கடைசியாகக் கேட்டிருந்தார். சவப்பெட்டிக்காரர்கள் மத்தியானம் வருவார்கள். உயிர் போக வழிவிட்டுத் திறந்த சன்னல் இன்னும் மூடப்படவில்லை.

"இவன் இப்ப கண்ணைத் திறந்தா, அது எந்த வருஷத்துப் பொத்தான்னு கேட்டுட்டுத்தான் மறுபடி மூடுவான்," என்றார் ஆல்வின். அப்பாவோடு பழம்பொருள் சந்தைகளில் சுற்றியே கிழவரானவர்.

"சிரிக்க வைக்காதீங்க ஆல்வின் மாமா. ஊசி கோக்கணும்."

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் பட்டாளச் சின்னங்களில் ரைன்ஹோல்ட் சொன்னதுதான் தீர்ப்பு. பூதக்கண்ணாடியில் பார்ப்பார், மேலுதட்டில் வைத்துக் குளிர்ச்சி பார்ப்பார், பிறகு "போலி" என்பார். காசெல் சந்தைக்குள் அவருடைய தொப்பி நுழைந்தாலே பாதி மேசைகள் தாமாக மடிந்துகொள்ளும். ஒரு வியாபாரி பயத்தில் தன் தங்கப் பல்லையே பொத்திக்கொண்டானாம்.

பொத்தான்களுக்கு நடுவே அந்தச் சின்னம் கிடந்தது. கீழே மண்டையோடு, நட்டுவைத்த வாள், வாளைச் சுற்றிப் பாம்புகள். சின்ன வயதில் அவள் அதைத் தோண்டியெடுத்துப் பொம்மைக்குக் குத்தியபோது, அப்பா பிடுங்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "போலி," என்றார், அவ்வளவுதான்.

"பாருங்க மாமா. எங்கப்பா ஆயுசுல ஏமாந்த ஒரே பொருள்."

ஆல்வின் சந்தோஷமாகப் பூதக்கண்ணாடியை எடுத்தார். அவள் பொத்தானைத் தைத்து நூலைப் பல்லால் கடித்து நிமிர்ந்தபோதும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி குத்தூசிக்குக் கீழ மயிரிழை மாதிரி கோடு தெரியுதா? அச்சுல விழுந்த கீறல். அசல்ல மட்டும்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிச்சதே உங்கப்பன். எங்கடா பார்த்தேன்னு கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சுட்டோம். சொல்லவே இல்லை."

"அப்ப இது..."

"அசல்." கண்ணாடியை மடித்தார். "உங்க தாத்தா பட்டாளத்துல என்ன வேலை பார்த்தார்?"

"ரொட்டி சுட்டார்."

"ரொட்டி சுட்டவங்களுக்கு இதைத் தரமாட்டாங்கம்மா. காட்டுல கெரில்லாக்களை வேட்டையாடினவங்களுக்குக் கொடுத்தது. கெரில்லான்னு சொல்லி ஊர் ஊரா எரிச்சாங்க. பொம்பளைங்க, பிள்ளைங்களோட."

"சந்தையில வாங்கியிருப்பார்."

"இப்படி ஒரு அசலை வாங்கியிருந்தா, எங்களைத் தூங்க விட்டிருப்பானா?"

அவள் சின்னத்தை எடுத்து மேலுதட்டில் வைத்தாள். காலையில் அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டபோது இருந்த அதே குளிர்.

சுவரில் தாத்தாவின் படம். முகமும் காலரும் மட்டும் தெரியும் சின்னச் சட்டம். பின்பக்கம் எப்போதும் புடைத்திருக்கும். அதைத் துடைக்க அப்பா யாரையும் விட்டதில்லை. ஆணியிலிருந்து எடுத்து, பின் அட்டையை நீக்கினாள். படத்தின் கீழ்ப்பாதி பின்னால் மடிந்திருந்தது.

"விட்டுடு," என்றார் ஆல்வின். "அவன் மடிச்ச மாதிரியே வெச்சு அனுப்பிடு."

அவள் பிரித்தாள். மடிப்பு வெடித்து வெள்ளைக் கோடு விழுந்தது; அதற்குக் கீழே, தாத்தாவின் நெஞ்சில், அதே வாளும் பாம்புகளும். அவள் பார்த்து முடிக்கும்வரை ஆல்வின் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காப்பி போடட்டுமா?" என்று கேட்டார், வெளியே பார்த்தபடியே.

"போடுங்க."

சின்னம் அவளுடைய இடது கைக்குள் இருந்தது. எவ்வளவு நேரமாகியும் சூடேறவில்லை. வலது கையால் படத்தை மடிக்காமலே அப்பாவின் பைக்குள் இறக்கினாள். கீழ்ப்பாதி அவர் நெஞ்சோடு உள்ளே போயிற்று. தாத்தாவின் முகமும் காலரும் வெளியே நின்றன. பை மூடியை இழுத்துப் பார்த்தாள். புதிதாகத் தைத்த பொத்தானுக்குத் துளை எட்டவில்லை.