மகாராணியும் மச்சானின் பெல்ட்டும்

இறைச்சி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் கத்தி பிடிக்கிற ரனியேராவுக்கு இப்படியொரு கிட்டார் எதற்கு என்று நியூசிலாந்தின் வைரோவா ஊரே கேட்டது. கேட்டவர்களில் ஒருவர்கூட அதை வாசித்துப் பார்த்ததில்லை. அதனால் அவர்கள் பேச்சை விட்டுத் தள்ளுவோம்.

பல சீசன் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் அது. மனைவி மெரியானா தடுக்கவில்லை. ஒன்று அதை வாங்கித் தொலை, இல்லாவிட்டால் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்து, இரண்டில் எது நடந்தாலும் எனக்கு நிம்மதி என்று சொல்லிவிட்டாள். அவளுடைய அண்ணன் ஹோவானிதான் தன் வண்டியில் ரனியேராவை ஆக்லாந்துக்குக் கூட்டிப் போனான். காட்டிலிருந்து மர லாரி ஓட்டுகிற ஆள். காலில் ரப்பர் பூட்ஸோடு அந்தப் பளபளப்பான கடைக்குள் வர அவனுக்குக் கூச்சம். ரனியேரா உள்ளே போய்க் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒவ்வொரு கிட்டாராக மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, ஹோவானி வெளியே வண்டிக்குள் மீனும் சிப்ஸும் தின்று, தூங்கி, எழுந்து, மறுபடி தின்று காத்திருந்தான். ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் வாங்கிய கிட்டாரின் பெட்டியைப் பின்சீட்டில் வைத்துச் சீட்பெல்ட் மாட்டிவிட்டதும் அவன்தான்.

கிட்டார் என்றால் அப்படியொரு கிட்டார். அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் கையாலேயே செய்தது. தேன் நிறத்தில் மேப்பிள் மர முகப்பு. வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்தால் மரத்தின் வரிகள் அசைவதுபோல் இருக்கும். ஆம்ப் என்கிற ஒலிபெருக்கியில் மாட்டி ஒரு கம்பியைத் தட்டிவிட்டு, போய் டீ போட்டுக்கொண்டு வரலாம், நாதம் அங்கேயே நின்றுகொண்டிருக்கும் என்பான் ரனியேரா. அவன் வாழ்க்கையில் டீ போட்டதே இல்லை, அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று அவனுக்கெப்படித் தெரியும் என்பாள் மெரியானா.

வீட்டுக்கு வந்ததும் ஆளே மாறிப்போனான். வெயில் படுகிற ஜன்னலுக்குக் கூடுதலாக ஒரு திரை. முகப்புக்கு ஒரு துணி, கம்பிக்கு வேறொரு துணி. தொடுவதற்கு முன்னால் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவான். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டான் பாருங்கள், அதைத்தான் ஊர் நம்பவில்லை. பன்றி வேட்டைப் போட்டியில் ஜெயித்த பெல்ட் அது. உள்ளங்கை அகலத்தில் பித்தளை பக்கிள், அதில் கோரைப் பல்லோடு ஒரு காட்டுப்பன்றித் தலை. கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். அந்தப் பக்கிள் கிட்டாரின் முதுகில் உரசிவிடும் என்று பயந்து பெல்ட்டை அலமாரிக்குள் தொங்கவிட்டு, எலாஸ்டிக் வைத்த கால்சட்டைக்கு மாறிக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் ஹோவானியின் கராஜில் கூடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வண்டியை வெளியே தள்ளிவிட்டு, பீர் பாட்டில் அடுக்குகிற கிரேட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு வட்டமாக உட்கார்ந்துவிடுவோம். ஒரு பானையில் பன்றி எலும்பும் கீரையும் கொதிக்கும், தட்டில் பொரித்த ரொட்டி வந்துகொண்டே இருக்கும். நடுவில் ஒரே ஒரு கிட்டார். இடுப்பில் டேப் சுற்றிய பழசு, யார் வாங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. அது கைமாறிக் கைமாறி வட்டம் சுற்றும். யாரும் கேட்டு வாங்குவதில்லை. முறை வந்தால் தானாகக் கைக்கு வரும். கையில் வந்தவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை எடுக்க வேண்டும், மற்றவர்கள் சேர்ந்து பாட வேண்டும், முடிந்ததும் பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்கூடக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுத்தான் தருவார்.

ஹோவானி இடதுகைக்காரன். இடதுகைக் கிட்டார் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. கிடைத்ததைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துத் தானே பழகியவன். தடித்த கம்பி கீழே, மெல்லிய கம்பி மேலே. முதல்முறை பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். உட்கார்ந்து வாசிக்க மாட்டான். எழுந்து நின்று, ஒரு காலைக் கிரேட்டின்மேல் வைத்து, கிட்டாரை வயிற்றோடு அணைத்துக்கொள்வான். அவன் எடுக்கிற பாட்டுக்குத்தான் கராஜ் கூரை அதிரும்.

புதுக் கிட்டார் வந்த முதல் சனிக்கிழமை கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ரனியேரா ஆம்பை வைத்து, கை துடைத்து, வாசித்தான். என்னவொரு சத்தம்! வாயில் வைத்த ரொட்டியை மெல்ல மறந்து பார்த்தார்கள். முடித்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹோவானி எப்போதும்போலக் கையை நீட்டினான்.

ரனியேரா கிட்டாரை மார்போடு இழுத்துக்கொண்டான். தானாக இழுத்துக்கொண்டது கை. அவன் யோசித்துச் செய்யவில்லை.

"பெல்ட் போட்டிருக்க மச்சான். பக்கிள் உரசும். மோதிரம், வாட்ச் வேற. இன்னொரு நாள் பாக்கலாம்."

"அதுக்கென்ன மாப்பிள்ளை, இன்னொரு நாள்" என்றான் ஹோவானி. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நீட்டிய கையைப் பழைய கிட்டார் பக்கம் திருப்பிக்கொண்டான். பெட்டி மூடுகிற சத்தம் கராஜ் முழுக்கக் கேட்டது.

எங்கள் ஆட்கள் சண்டை போட மாட்டார்கள், பெயர் வைப்பார்கள். அன்றைக்கே அந்தக் கிட்டாருக்கு மகாராணி என்று பெயர் விழுந்தது. மகாராணி தூங்குறாங்களா, மகாராணிக்குப் போர்வை போத்தினியா, மகாராணி ரொட்டி சாப்பிடுவாங்களா என்று கடைத்தெருவில் கேட்டார்கள். ரனியேரா அதையெல்லாம் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது வேறு. அவன் மகாராணியை எடுத்தால் கராஜ் மௌனமாகிவிடும். மரியாதையாகக் கேட்பார்கள், கைகூடத் தட்டுவார்கள். ஒருவரும் பாட மாட்டார்கள்.

அதைவிட மோசம் ஹோவானி. அடுத்த வாரத்திலிருந்து மூலையில் போய் நின்றுகொண்டான். பழைய கிட்டார் வந்தாலும் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளுக்குத் தள்ளச் சொல்வான். ஒரு கையில் பீர், இன்னொரு கை இடுப்பில். வாரா வாரம் அதே மூலை, இடுப்பில் அதே கை. அவன் பாட்டு இல்லாத கராஜ் உப்பில்லாத பண்டமாகிப்போனது.

இருபது வருடமாக ஒன்றாகப் பன்றி துரத்தியவர்கள். ரனியேராவுக்கு முதலில் வருத்தமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் மகாராணியைத் துடைத்துக்கொண்டே மெரியானாவிடம் கொட்டினான்.

"உங்க அண்ணனுக்குப் பொறாமை. இடுப்புல கைய வச்சுக்கிட்டு என்னைய முறைக்கிறான். நான் கஷ்டப்பட்டு வாங்கினது, அவனுக்கென்ன?"

மெரியானா பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

"இடுப்புல ஏன் கை வச்சிருக்கான்னு பாத்தியா?"

"திமிரு."

"பேண்ட் நழுவுது. அதான் புடிச்சிட்டு நிக்கிறான். சர்க்கரைன்னு டாக்டர் மெரட்டினதுல பாதியா எளைச்சுட்டான், உனக்குக் கண்ணு தெரியல. பெல்ட் இல்லாம நிக்கவா முடியும் அவனால? வாட்ச் இருக்கா கையில? மோதிரம்? சோப்புப் போட்டு, வெண்ணெய் போட்டு உருவியிருக்கான், வெரல் வீங்கிக் கெடக்கு. நீதான இன்னொரு நாள்னு சொன்ன. என்னைக்குக் கூப்பிடுவன்னு வாரா வாரம் அந்த மூலையில வந்து நிக்கிறான், பைத்தியக்காரன். இவனுக்குப் பொறாமையாம்ல!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட்டு மாவுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.  ரனியேரா கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். ஆக்லாந்தில் கடை வாசலில் ஒரு நாள் முழுக்க வண்டிக்குள் உட்கார்ந்திருந்த ஆள் ஞாபகத்துக்கு வந்தான். அன்றைக்கும் அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்க மாட்டான் என்பது ரனியேராவைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? எழுந்து போய் அலமாரியைத் திறந்தான்.

அன்று மத்தியானம் கராஜில் பானை கொதிக்க ஆரம்பித்திருந்தது. ஹோவானி அதே மூலையில், இடுப்பில் கையோடு. ரனியேரா பெட்டியைத் திறந்து மகாராணியை எடுத்தான், ஆனால் உட்காரவில்லை. வட்டத்தின் குறுக்கே நடந்து மூலைக்குப் போய், பையிலிருந்து பன்றித்தலை பெல்ட்டை எடுத்து நீட்டினான்.

"மொதல்ல இதப் போட்டுக்க மச்சான். பேண்ட் விழுந்தா பாட்டு நின்னுரும்."

ஹோவானி பக்கிளைப் பார்த்தான். அந்தப் போட்டியில் பிடித்த பன்றியின் ஒரு காதைப் பிடித்தது ரனியேரா, இன்னொரு காதைப் பிடித்தது அவன்; பெல்ட் ஒன்றுதான் கொடுத்தார்கள்.

"இதப் போட்டுக்கிட்டா? மாப்பிள்ளை, மகாராணி முதுகு கிழிஞ்சிரும்டா. நான் சும்மா ஒக்காந்து, மடியில வச்சு, ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டுக் குடுத்துர்றேன். அது போதும்."

"நீ என்னைக்கு ஒக்காந்து வாசிச்ச? எந்திரிச்சு நின்னு வாசி."

ஹோவானி இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினான். "கை கழுவிட்டுத்தான் வந்தேன்" என்றான் மெல்ல. "எல்லா வாரமும் கழுவிட்டுத்தான் வர்றேன்."

 அதற்கு மேல் பேசினால் எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவோம் என்று தெரிந்து, ரனியேரா கிட்டாரின் வாரை மச்சானின் தோளில் மாட்டிவிட்டான்.

ஹோவானி பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, மகாராணியைத் தலைகீழாகத் திருப்பினான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்களெல்லாம் இடம் மாறி மேலே வந்துவிட்டன. அவன் முழங்கை பட்டு முதலில் ஒரு அலறல் அலறியது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரு காலைக் கிரேட்டின்மேல் வைத்து, அவனுக்கே உரிய அந்தப் பழைய பாட்டை எடுத்தான். முதல் வரி முடியவில்லை, கராஜ் மொத்தமும் சேர்ந்துகொண்டது. மகாராணிக்கு முன்னால் பல வாரமாக வாயை மூடி வைத்திருந்த ஜனம் அல்லவா, பானை மூடிகூட அதிர்ந்தது. மெரியானா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆடினாள். ரனியேராவும் பாடினான். அவன் கிட்டாரின் சத்தத்தை எதிரே நின்று கேட்பது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது சரணத்தில் ஹோவானி உற்சாகமாக ஒரு சுற்றுச் சுற்றினான். பித்தளை மரத்தில் இழுபடுகிற சத்தம். ஆம்புக்கும் அது கேட்டுவிட்டது, பெரிதாக்கிச் சொல்லியது. கை நின்றது, பாட்டு நின்றது. எல்லோரும் ரனியேராவைப் பார்த்தார்கள். ஹோவானியின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

ரனியேரா கிட்டார் முதுகைத் திருப்பிப் பார்த்தான். விரல் நீளத்துக்கு ஒரு கீறல், வார்னிஷைத் தாண்டி மரம்வரை. வாங்கின நாளிலிருந்து எதற்காகப் பயந்து திரையும் துணியும் எலாஸ்டிக்குமாக வாழ்ந்தானோ, அது வந்துவிட்டது. வந்த பிறகு பார்த்தால் இவ்வளவுதானா என்றிருந்தது.

"விழுந்துருச்சு" என்றான். "இனிமே பயப்பட ஒண்ணுமில்ல. நீ மூணாவது சரணத்துல நிறுத்திட்ட மச்சான், எடு."

ஹோவானி எடுத்தான். அது முடிந்ததும் மகாராணி பக்கத்து ஆளுக்குப் போனாள், அங்கிருந்து அடுத்த ஆளுக்கு. வாசிக்கத் தெரியாதவர்களும் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுத் தந்தார்கள். வட்டம் சுற்றி ரனியேராவிடம் வந்தபோது கம்பியெல்லாம் ரொட்டி எண்ணெய், சுருதி எங்கேயோ போயிருந்தது. அவன் சுருதி சேர்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் வாசித்துக் காட்டாமல், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டைத் தொடங்கினான். பாடினார்கள்.

அந்தப் பெல்ட்டை ஹோவானி திருப்பித் தரவில்லை, ரனியேரா கேட்கவும் இல்லை. சனிக்கிழமைதோறும் பன்றித்தலை பளபளக்க கராஜ் வாசலில் நிற்கிறான். மகாராணியின் முதுகில் இப்போது கீறல்கள் நிறைய, யார் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ரனியேராவிடம் கிட்டாரைக் கொடுத்துக் கண்ணை மூடச் சொல்லிப் பாருங்கள். முதல் கீறலைத் தடவிக் காட்டிவிடுவான்.