ஒட்டிக்கொண்ட பக்கம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டே அறைகள், இரண்டே டீச்சர்கள். நான் பெரிய டீச்சர், தலைமையாசிரியையும் நான்தான். அடுத்த அறையில் இருப்பவள் சின்ன டீச்சர். போன வருஷம் ஆய்வுக்கு வந்தவர்கள் வாசிப்பு போதாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். இந்த முறையும் அப்படியே எழுதினால் பள்ளியை மூடி, பிள்ளைகளை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். லாரிகள் தலைதெறிக்க ஓடும் சாலையை இந்தப் பொடிசுகள் எப்படிக் கடக்கும் என்று கேட்டால் மட்டும் ஒருவரும் பதில் சொல்வதில்லை.

எனக்குப் பயமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் இரண்டாம் வகுப்பு அப்படி. நான் ஒரு வரி சொன்னால் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். யாராவது திக்கினால் எனக்குப் பொறுக்காது. வார்த்தையை நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். சின்ன டீச்சரின் ஒன்றாம் வகுப்போ சந்தைக்கடை. அட்டைப்பெட்டி, மாத்திரை உறை, கிழிந்த சுவரொட்டி என்று குப்பையெல்லாம் பொறுக்கிவந்து அதன்மேல் கவிழ்ந்து கிடப்பார்கள். அதுகள் ஒரு வார்த்தையைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு மிச்சமிருக்கும் முடியும் நரைத்துவிடும்.

ஆய்வாளர் அம்மாவின் வண்டி வாசலில் நின்றதும் அடுத்த அறைக்கு ஓடினேன்.

"உங்க கூட்டத்தக் கூட்டிக்கிட்டுப் பின்பக்கம் போயிடுங்க. மரத்தடியில விளையாடட்டும். சத்தம் வரக் கூடாது."

"அவங்களும் படிச்சுக் காட்டட்டுமே டீச்சர்."

"எழுத்துக்கூட்டி மானத்த வாங்கவா? கெளம்புங்கம்மா."

அவள் முகம் சுண்டிப்போனது. பிள்ளைகளையும் ஓர் அட்டைப்பெட்டியையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆய்வாளர் அதிகம் பேசாத ஆள். நாற்காலியை மறுத்து, வகுப்புக்கு முன்னால் நின்றார். "யாராவது ஒருத்தர் வாசிங்க" என்றார்.

நான் குருவியை எழுப்பினேன். என் தம்பி மகள். வீட்டில் அவளுக்கு நான் அத்தை. பள்ளி வாசலைத் தாண்டினால் டீச்சர். 'மணியைத் தொலைத்த ஆடு' பாடத்தை எடுத்தாள். வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தாள். ஆய்வாளர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவளுக்குப் பின்னால் நின்று புத்தகத்தைப் பார்த்தேன்.

பக்கத்தைத் திருப்பினாள். தாள் தடிமனாக இருந்தது. போன வாரம் படம் ஒட்டும்போது இவள் பசையைக் கொட்டியதில் நடுவிலிருந்த இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. திறந்திருந்த பக்கத்தில் ஆடு மணியைக் கட்டிக்கொண்டு துள்ளுகிறது. இவளோ, "காக்கா, காக்கா, என் மணியைப் பார்த்தாயா?" என்று வாசிக்கிறாள். விரல் அழகாக ஓடுகிறது. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அங்கே அடுத்த பாடத்தின் ரயில். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, ஆட்டுக்கு மணி கிடைத்த கதையை ஒரு பிழையில்லாமல் சொல்லி முடித்தாள்.

சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. இவள் மட்டுமா, வகுப்பு முழுக்கவா?

"நல்லா வாசிக்குது" என்று ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். ஒரு வரி எழுதினால் போதும், பள்ளி பிழைத்தது. நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பேனா சீக்கிரம் ஓடித் தொலைக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன்.

குருவி திரும்பி என் கையைப் பிடித்தாள். சந்தோஷத்தில் பள்ளிக்கூடம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

"அத்தை, நான் நல்லாப் படிச்சேனா?"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"ஒரு நிமிஷம்மா, எழுதாதீங்க" என்றேன். புத்தகத்தை வாங்கி அவரிடம் நீட்டினேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அவர் ஒட்டிய பக்கத்தைத் தடவிப் பார்த்தார். கரும்பலகையில் 'பூனை கூரையில் தூங்குகிறது' என்று எழுதி, வாசிக்கச் சொன்னார். பிள்ளைகள் பலகையை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு குரல் துணிந்து, "மணியைத் தொலைத்த ஆடு" என்றது.

"இத அப்படியே எழுதினா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும்மா."

"இன்னொரு வகுப்பு எங்க?"

"பின்னால. நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

மரத்தடியில் அட்டைப்பெட்டி தலைகீழாகக் கிடந்தது. பல் விழுந்த ஒரு பொடிசு கழுத்தை வளைத்து, தலையைக் கவிழ்த்து, அதிலிருந்த எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. "இ... ந்... த... இந்த. ப... பக்... பக்கம்." நான் வாயைத் திறப்பதற்குள் சின்ன டீச்சர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். "மே... லே. இந்தப் பக்கம் மேலே."

பிறகு யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளை பெட்டியை மூச்சுப் பிடித்துப் புரட்டி நேராக நிறுத்தியது.

ஆய்வாளர் பேனாவை எடுத்தார்.

"அடுத்த பருவம் முடியற வரைக்கும் மூட வேணாம்னு எழுதறேன்" என்றார். "அப்ப நானே வருவேன். அதுக்குள்ள ரெண்டாம் வகுப்பு படிக்கணும். படிக்கலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அதுவரைக்கும் ரெண்டு வகுப்பையும் இவங்களே எடுக்கட்டும்."

"அப்ப நீங்க, டீச்சர்?" என்று கேட்டாள் சின்ன டீச்சர். குரலில் துளி ஏளனம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"பிள்ளைங்களோட உக்காந்துக்கறேன்" என்றேன்.

வண்டி போனதும் குருவியைப் பெட்டியின் முன்னால் உட்காரவைத்து, நானும் மண்ணில் உட்கார்ந்தேன். பெட்டியின் மறுபக்கத்தில் 'உடையும் பொருள்' என்றிருந்தது. கணீரென்று வாசித்த பிள்ளை இப்போது எழுத்தைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"எடுத்துக் குடுத்துடாதீங்க டீச்சர்" என்றாள் சின்ன டீச்சர் மெதுவாக.

"உ..." என்றாள் குருவி. என் முகத்தில் மிச்சத்தைத் தேடினாள். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.