மூன்றாம் முறைக்குக் காத்திருந்த கதவு

ஊரில் யார் வீட்டுப் பூட்டு மக்கர் செய்தாலும் பூட்டுக்காரியைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கதவும் அவளிடம் பத்து நிமிடம் தாங்காது. அவளுடைய சொந்த வீட்டுக் கதவு மட்டும் கிறிஸ்துமஸ் வந்தால் அவளை ஆட்டிப்படைக்கும்.

எல்லாம் அப்பா ஏற்படுத்திய வழக்கம். டிரில் மாஸ்டராக இருந்தவர்; பாலன் பிறப்பைக்கூட விசில் ஊதி நடத்தச் சொன்னால் நடத்துவார். கிறிஸ்துமஸ் மாலை சாப்பிட உட்காருமுன் ஒருவர் வெளியே போய்க் கதவைத் தட்ட வேண்டும், இடம் கேட்டு அலைந்த மரியாளையும் யோசேப்பையும் போல. இரண்டு முறை "இடமில்லை" என்று விரட்ட வேண்டும். மூன்றாம் முறை கதவைத் திறந்து, "இடமிருக்கு, வாங்க" என்று அணைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு வருடங்களுக்கு முன் வெளியே போனவன் தம்பி சுண்டு. மேசையைத் தட்டிச் சோறு கேட்டு, தினமும் அப்பாவிடம் திட்டு வாங்கும் வாலு. அன்று காலை அக்காவின் நல்ல அரத்தைக் கேட்காமல் எடுத்துப் பாழாக்கியிருந்தான். அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இரண்டாவது தட்டலுக்கு மனதாரவே சொன்னாள்: "உனக்கு இங்க இடமில்லடா, போய்த் தொலை!"

மூன்றாவது தட்டல் வரவில்லை. கோபித்துக்கொண்டு போனவனைத் தெருமுனையில் ஒரு லாரி அடித்துப்போட்டது.

தான் சொன்னதை அப்பா விளையாட்டு என்றே நினைக்கிறார் என்று நம்பினாள். உண்மையைச் சொல்ல நா எழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸ் மாலையும் அந்தக் கதவு இரண்டு முறை தட்டப்பட்டது. மூன்றாவதற்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வராது.

இந்த வருடமும் மேசையில் அப்பாவும் மகளும் மட்டும்தான்.

டொக்.

அவள் எழுந்தாள்.

"எங்கம்மா போற? மூணாவது தடவைதானே திறக்கணும்?" என்றார் அப்பா.

அவள் சட்டென்று திரும்பினாள். "உங்களுக்கும் கேக்குதாப்பா?"

"ஆறு வருஷமா கேக்குது. நீ பயந்துடுவியேன்னு சொல்லல."

"அப்பா... அன்னிக்கு நான் விளையாட்டுக்குச் சொல்லல. நெஜமாவே போடான்னுதான் சொன்னேன்."

"தெரியும்மா. உன் குரல் எனக்குத் தெரியாதா? ஆனா நானும் கதவுகிட்டதானே நின்னேன்? மூணு தடவைன்னு கணக்கு வச்சவனே நான்தானே? இடம் குடுக்கிறதுக்கு என்ன கணக்கு..."

இரண்டாவது தட்டலுக்கு அவள் காத்திருக்கவில்லை. ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். படிக்கட்டில் யாரும் இல்லை. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

"இடமிருக்குடா சுண்டு. உள்ள வாடா," என்றாள். ஆறு வருட அழுகை ஒரேயடியாக வந்தது.

கதவைச் சாத்தாமல் வந்து உட்கார்ந்தாள். அப்பா சுவரோரம் கிடந்த மூன்றாவது நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டார். இருவருக்கும் சாப்பாட்டில் கை போகவில்லை.

அந்த நாற்காலிக்கு நேரே, மேசையின் மேல், டொக் டொக்கென்று சத்தம் கேட்டது.

"மேசையைத் தட்டாதடான்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார் அப்பா, கன்னமெல்லாம் கண்ணீராக. "இரு, அக்கா போடுவா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள்.