மெஷின் சத்தம்

குளியலறைக் குழாய் இரண்டு முறை இருமிவிட்டு வாயை மூடிக்கொண்டபோது, போஸ்ட்மாஸ்டர் தலை நிறைய சோப்பு நுரையோடு நின்றிருந்தார். உள்ளறையில் மகள் பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாளாகிறது. கொல்லையில் குழந்தைத் துணி ஒரு வாளி ஊறிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் வந்து, போர்க்குழாயிலிருந்து மோட்டாரை மேலே தூக்கி, மூக்கருகே வைத்து முகர்ந்தார். "காயில் கருகிடுச்சு சார். கட்டிக் கொண்டாற ரெண்டு நாளாகும்." தண்ணீர் லாரிக்காரர் நாளை மறுநாள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மிச்சம் இருந்தது பக்கத்து வீட்டு டெய்லரம்மாதான்.

"நீங்களே போய்க் கேளுங்க. எனக்கு அவ மூஞ்சில முழிக்க முடியாது" என்றாள் மனைவி.

காரணம் இருந்தது. போன கோடையில் டெய்லரம்மா வீட்டு மோட்டார் எரிந்துபோய், அவள் இரண்டு குடத்தோடு வாசலில் வந்து நின்றாள். கொடுத்துப் பழக்கிவிட்டால் நம் போரும் வற்றிவிடுமோ என்று போஸ்ட்மாஸ்டருக்குப் பயம். "எங்க மோட்டாரும் ரிப்பேரும்மா" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார். சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அவள் மோட்டார் சரியாகும்வரை நாலு நாளும், தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடாதபடி, அவளுடைய தையல் மெஷின் ஓடும்போது மட்டும் மோட்டாரைப் போடுவார். மெஷின் நின்றால், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் சுவிட்சை அணைப்பார். முப்பது வருஷம் ஊராருடைய கடிதங்களைப் பிரித்துப் பார்க்காத மனிதர்.

சுவரோரம் போய் நின்று கூப்பிட்டார். கழுத்தில் டேப்போடு டெய்லரம்மா வந்தாள்.

"எங்க மோட்டார்..." என்று இழுத்தார்.

"மறுபடியும் ரிப்பேரா? அய்யோ பாவம் சார் நீங்க. போன கோடையில நம்ம ரெண்டு வீடும் சேந்துதானே அல்லாடினோம்."

அவள் இத்தனை நாளும் அதை நம்பியிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். அவருக்குத் தன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் பெருமை உண்டு. "போன கோடையா? இல்லக்கா, இது நான் மாட்டின மோட்டார். ஆறு வருஷத்துல இன்னைக்குத்தான் முதல் தடவையா மேல வருது."

டெய்லரம்மா மெக்கானிக்கைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். இவர் நனைந்து காய்ந்த தன் வேட்டி ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோப்பு காதோரம் பொருக்காகக் காய்ந்து அரித்தது. சொறியக்கூடத் தோன்றவில்லை.

அவள் உள்ளே போனாள். சற்று நேரத்தில் பச்சை ரப்பர் குழாய் ஒன்று சுவர் மேல் ஏறி இந்தப் பக்கம் விழுந்தது.

"பச்சப்புள்ள இருக்கிற வீடு. டிரம்ம நெறச்சுக்கோங்க" என்றாள் சுவருக்கு அப்பாலிருந்து. "போதும்னா சத்தமாச் சொல்லுங்க. மெஷின் ஓடினா எனக்கு ஒண்ணும் கேக்காது."

தண்ணீர் வந்தது. மெஷினும் ஓடத் தொடங்கியது. பாதி டிரம், முக்கால் டிரம், பிறகு விளிம்பு. போதும் என்று சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. அவளுடைய தண்ணீர் வழிந்து அவர் பாதங்களை நனைத்துக்கொண்டு சாக்கடைப் பக்கம் ஓடியது.

மெஷின் சட்டென்று நின்றது. போன கோடைப் பழக்கத்தில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்ச் போர்டை நோக்கி நாலு எட்டு ஓடிவிட்டார். திரும்பிப் பார்த்தபோது, டெய்லரம்மா ஜன்னலில் நின்றிருந்தாள்.