தெருவுக்கு உருட்டிய பீப்பாய்கள்

முதல் கல் சாப்பாட்டு அறை ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து, காடியில் ஊறவைத்துச் சமைத்த மாட்டிறைச்சித் தட்டில் விழுந்தது. குழம்பு தெறித்துக் கோத்தார்ட் ரூப்பென்தாலின் வெள்ளைத் தாடியில் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. எழுந்து, மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த மகனின் முகத்தில் கைத்தடியை வீசினார்.

"நேத்து மதுக்கடையில என்னடா சொன்னே?"

காஸ்பர் புருவத்தைப் பொத்திக்கொண்டான். "ஒரு ஜோக் அடிச்சேன்ப்பா. பட்டாளத்துல சேர்ந்த பையன் ஒருத்தன் பெர்லினைப் பிடிச்சிட்டுத்தான் திரும்புவேன்னான். செயின்ட் லூயிஸ்லயே வழி கேட்டுக் கேட்டு வீடு போறவன் நீ, பெர்லினுக்கு வழி தெரியுமாடான்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"இப்ப யார் சிரிக்கிறா, பாரு."

அமெரிக்கா ஜெர்மனியோடு சண்டை தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சனிக்கிழமை மாலை சொன்ன கிண்டல் ஞாயிறு மதியத்துக்குள் வேறாகியிருந்தது. ரூப்பென்தால் வீட்டுப் பையன் உளவாளி, அவர்கள் பீரில் விஷம் இருக்கிறது என்று ஊர் பேசியது. இப்போது தெரு நிறைய ஆட்கள். முன்னால் கொடியோடு நின்றவன் டகன். பதினைந்து வருஷம் ரூப்பென்தாலின் பீர் ஆலையில் வண்டி ஓட்டியவன்.

"முதலாளி! பையனை வெளிய அனுப்புங்க. கொடி முன்னால மண்டி போட்டு ஒரு முத்தம் கொடுக்கட்டும். நாங்க போயிடறோம்."

"அவ்வளவுதானே, நான் போறேன்" என்றான் காஸ்பர். "நம்ம கொடியும்தானே அது. நான் பொறந்தது இங்கதானே."

காஸ்பரின் அக்கா ஓட்டிலிக்கு மூச்சு வந்தது. அம்மா இவனைப் பெற்ற அன்றே இறந்துபோனாள். பதினாறு வயதில் இவனைக் கையில் வாங்கியவள் ஓட்டிலி. இவனுக்கு மூத்தவன் லியோபோல்ட் மூன்று வருஷத்துக்கு முன் ஆபீஸ் அறையில் துப்பாக்கியால் தன் உயிரை முடித்துக்கொண்டான். இருதயக் கோளாறு என்று டாக்டரை எழுதவைத்தார் அப்பா. அன்று கம்பளத்தைக் கழுவியவளும் அவள்தான். இவனையாவது இந்த வீட்டிலிருந்து உயிரோடு வெளியே அனுப்பிவிட வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு பிரார்த்தனை இல்லை.

"என் மகன் ஒரு வண்டிக்காரன் முன்னால மண்டி போடமாட்டான்" என்றார் அப்பா.

காஸ்பரின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். எழுபது வயதிலும் அந்தப் பிடி தளரவில்லை. நிலவறைப் படிகளில் முதுகிலும் தோளிலும் அடி விழ விழ அவனை இறக்கி, பனிக்கட்டி அறைக்குள் தள்ளினார். "தாழ்ப்பாள் போடு" என்று மகளிடம் சொன்னார். அவள் யோசிப்பதற்கு முன்பே கை போட்டுவிட்டது. அந்தக் கை அப்படித்தான் பழகியிருந்தது.

மேலே வந்ததும் காவலாட்களைக் கூப்பிட்டார். "நாலு பீப்பாயை வாசலுக்கு உருட்டுங்க. நல்ல சரக்கா இருக்கட்டும்."

"அப்பா, வேண்டாம். இன்னிக்கு வேண்டாம்."

"உனக்கு என்ன தெரியும்? வேலைநிறுத்தத்தப்ப இதைவிடப் பெரிய கூட்டம் வந்துச்சு. கேட்டையே பிடுங்கிப் போட்டாங்க. பீப்பாயைத் திறந்துவிட்டேன். குடிச்சான், பாடினான், என் கையைப் பிடிச்சிட்டு அழுதான், வீட்டுக்குப் போனான். கோவமா இருக்கறவன் தொண்டையை முதல்ல நனைக்கணும்."

ஆலையில் ஒரு நாளைக்கு மூன்று முறை மணி அடிக்கும். ஆளுக்கு ஒரு குவளை இனாம். அந்தக் குவளைக்காக இவர்கள் தன்னை நேசிக்கிறார்கள் என்று அப்பா நம்பியிருந்தார். அவர்கள் வரிசையில் நின்று குடிப்பதை ஓட்டிலி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். மணி அடிக்காத நேரத்தில் ஒரு குவளை குடித்ததற்காக டகனை எல்லோர் முன்னாலும் சவுக்கால் அடித்துத் துரத்தியதையும் அவள் பார்த்திருக்கிறாள்.

நிலவறைக்கு ஓடினாள்.

"அக்கா, திற." கதவுக்குப் பின்னால் காஸ்பரின் பற்கள் குளிரில் தந்தியடித்தன. "பீப்பாய் உருட்டறது கேட்டுச்சு. அவங்க இன்னும் குடிக்க ஆரம்பிக்கலையே? இப்பவே போய் முத்தம் கொடுத்துட்டா முடிஞ்சிடும்."

அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தாள். மேலே அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. கை தானாகவே பின்வாங்கியது. முப்பத்தெட்டு வயதில், தன் கையே தன் பேச்சைக் கேட்காத அந்தக் கணத்தை அவள் வெறுத்தாள். வெறுத்தபடியே நின்றாள்.

வெளியே பீப்பாய் திறந்த ஆரவாரம். கொஞ்ச நேரம் சிரிப்பு, பாட்டு. அப்பா நினைத்தது நடக்கிறதோ என்றுகூடத் தோன்றியது. பிறகு பாட்டு நின்றது.

"இனாம் பீரைக் கொடுத்து வாயை அடைக்கிறான்டா!"

"நாய்க்கு எலும்பு போடற மாதிரி!"

"முத்தமெல்லாம் வேண்டாம், கயிறு கொண்டுவா!"

அப்பா வாசற்படியில் இறங்குவது கேட்டது. வேலைநிறுத்தத்தின்போது நின்ற அதே படியில்தான் நின்றிருப்பார்.

"என் பீரைக் குடிச்சிட்டு என் வாசல்லயே குரைக்கிறியாடா, டகன்?"

"மணி அடிக்கலையே முதலாளி, குடிச்சது தப்பா?" என்றான் டகன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவிலேயே முதல் அடி விழுந்தது.

அடியின் சத்தம் நிலவறைக் காற்றுத் துவாரம் வழியாக அப்படியே இறங்கி வந்தது. கட்டை எலும்பில் படுவது, அப்பா ஜெர்மனில் கத்துவது, பிறகு எந்த மொழியிலும் இல்லாமல் கத்துவது. "உருட்டு, அவன் சரக்கை அவன் மேலயே உருட்டு!" நிறைந்த பீப்பாய் ஒன்று கல்தரையில் நகர்ந்தது.

"அது அப்பாவோட குரல்!" காஸ்பர் கதவில் மோதினான். "அக்கா! கொன்னுடுவாங்க! திறடி!"

திறந்தால் போவான். போனால் கயிறு அவனுக்குத்தான். அவள் கதவில் முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். மரத்தின் வழியாக அவன் குத்துகள் ஒவ்வொன்றும் அவள் முதுகெலும்பில் இறங்கின. கை இப்போது அவள் பேச்சைக் கேட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இவனுக்காகத்தான் திறக்காமல் நிற்கிறேன் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதற்கும் கீழே, அப்பாவின் அடிக்குப் பயந்து வளர்ந்த சிறுமி ஒருத்தி மூச்சை அடக்கி, அவருக்கு இன்னும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று காத்திருந்தாள். இரண்டில் எது தான் என்று பார்க்க அவள் விரும்பவில்லை.

பீப்பாய் உருளும் சத்தம் எதன் மீதோ ஏறி இறங்கி நின்றது. கத்தல் அறுந்தது. அதோடு கூட்டமும் அடங்கிப்போனது. "ஐயோ கடவுளே, செத்துட்டான்டா" என்றான் ஒருவன், பள்ளிப் பையனின் குரலில். கால்கள் ஓடின.

தெரு காலியானது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே தாழ்ப்பாளை இழுத்தாள்.

காஸ்பர் வெளியே வந்தான். புருவத்தில் ரத்தம் காய்ந்திருந்தது, விரல் முட்டிகளில் தோல் இல்லை. அவளை ஒரு முறை பார்த்தான். பிறகு ஓங்கி அறைந்தான். அவள் சுவரில் மோதிச் சரிந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அவளை அடித்தது அதுதான் முதல் தடவை.

"நீ அப்பாவைக் கொன்னுட்டே" என்றான்.

அவன் படியேறி ஓடும் சத்தம் தலைக்கு மேல் தேய்ந்தது. உதடு கிழிந்து ரத்தம் உப்பாக நாக்கில் பட்டது. பனிக்கட்டி அறையிலிருந்து உயிரோடு வந்து அறைந்த கை எவ்வளவு சூடாக இருந்தது என்பதை மட்டுமே அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு அந்தக் குளிர்ந்த தரையில் உட்கார்ந்திருந்தாள்.