அவள் அள்ளிவைத்த அரிசி

அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை அள்ளித் தகர டப்பாவில் போடுகிற கை, வளையல் டப்பா விளிம்பில் தட்டுகிற சத்தம், பக்கத்தில் உலை கொதிக்கிறது, ஏட்டி, யாருக்குட்டி அள்ளுத என்று கேட்கிறேன், மிஷனுக்கு என்கிறாள் பாக்கியக்கனி, தூர தேசத்துல பசியோட கெடக்கவங்களுக்கு, தூர தேசத்துக்காரன் ஒனக்கு என்ன மச்சானா கொழுந்தனா, அவன் பேரச் சொல்லி இங்க எவன் திங்கானோ, நீ என் சோத்துல கை வைக்கியே என்று ஏசுகிறேன், ஒரு வாய் குறைஞ்சா செத்தா போயிருவீய என்று சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு அடங்குமுன் நான் மலாவி நாட்டில் ஒரு வேதக்கோயிலுக்குள் பலகை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், அவள் இல்லை, என் மடியில் துணிப்பையில் அவள் கடைசியாக அள்ளிவைத்த அரிசி.

ஆடு வாங்கி விற்றுப் பிழைத்தவன் நான், பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு குட்டிக்கும் விலை சொன்னதில்லை, கோயில்காரர்களிடமும் அப்படித்தான், ஊர்ப் பெண்களெல்லாம் சேர்த்துக் கொடுக்கிற கைப்பிடி அரிசி எங்கே போகிறது என்று சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை போட்டிருக்கிறேன், அவள் தலைகுனிந்து வீட்டுக்கு வந்தாள், மறுநாளும் அள்ளினாள், அவள் செத்துப்போன அன்றைக்கு டப்பா பாதியில் நின்றது, கொடுக்கவும் மனமில்லை, ஆக்கித் தின்னவும் மனமில்லை, வேப்பிலை போட்டு மூடி வைத்தேன், எங்கள் சபையிலிருந்து மலாவிக்கு ஊழியத்துக்கு ஒரு குழு போகிறது, உங்க வீட்டம்மா ரொம்ப ஆசைப்பட்டாங்க, அவங்களுக்குப் பதிலா நீங்க வாங்க அண்ணாச்சி என்று உபதேசியார் அருள்ராயன் வந்து கூப்பிட்டார், எனக்குப் பாடவும் தெரியாது ஜெபிக்கவும் தெரியாது வே, இது யார் வாயில போகுதுன்னு என் கண்ணால பாக்கணும், அதுக்குன்னா வாறேன் என்றேன், போன ஞாயிறு இங்கே பட்டணத்துக் கோயிலில் பிரசங்கியாரின் தொந்தியைப் பார்த்தேன், பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன், இந்த ஞாயிறை விட்டால் ஊருக்கு விமானம் ஏற வேண்டும், பாதியில் நிற்கிற டப்பாவாகவே அவளைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

பிரசங்கத்தில் ஒரு சொல்லும் புரியவில்லை, தகரக் கூரையின் சூட்டில் கண் சொக்குகிறது, சொக்கினால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விலாவில் இடிக்கிறாள், தூங்காதீய, காணிக்கை எடுக்காங்க, கண்ணைத் திறந்தால் நிஜமாகவே எடுக்கிறார்கள், பெண்கள் ஆடிக்கொண்டே வருகிறார்கள், கிண்ணத்தில் சோளம், ஒருத்தி கக்கத்தில் கோழி, ஒரு கிழவி உடுத்த துணியின் முனை முடிச்சைப் பல்லால் அவிழ்க்கிறாள், பாக்கியக்கனியும் இப்படித்தான் அவிழ்ப்பாள், அவ்வளவுதான், நான் எழுந்துவிட்டேன், என் காலுக்கு ஆட வராது, ஆனாலும் நடை நேராக இல்லை, பையைக் கூடையில் வைத்தேன், வைத்துவிட்டு அங்கேயே நின்றேன், என்ன அண்ணாச்சி, காவலுக்கா நிக்கிய, வந்து உக்காருங்க என்று உபதேசியார் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்.

ஆராதனை முடிந்து திரும்பிப் பார்க்கிறேன், கூடையில் பை இல்லை, நடுவயதுப் பெண் ஒருத்தி அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போகிறாள், பாத்தீரா வே, ஜெபம் முடிஞ்ச சூடு ஆறல, அதுக்குள்ள ஆட்டையப் போட்டுட்டா என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடுகிறேன், அங்கே மூன்று கல், புகை, என் அரிசி முறத்தில், வேப்பிலையை அவள் பொறுக்கிப் போடுகிறாள், என்னைப் பார்த்து ஏதோ சொல்லி உள்ளே போகும்படி கையை ஆட்டுகிறாள், சுற்றி நின்ற பெண்கள் சிரிக்கிறார்கள், அவங்க பேரு எஸ்னாத், விருந்தாளி அடுப்படிக்கு வரக் கூடாதாம் என்று உபதேசியார் இங்கிலீஷில் விசாரித்துச் சொல்லி என்னை இழுத்துக்கொண்டு போனார், பெஞ்சில் உட்கார்ந்தேன், கண் மட்டும் வாசலில், எந்த வீட்டுக்குப் போகிறதோ, எவன் தின்னப் போகிறானோ.

எஸ்னாத் வந்தாள், என் முன்னால் முழங்கால் போட்டாள், கையில் தண்ணீர் ஊற்றினாள், தட்டை வைத்தாள், மற்றவர்கள் தட்டிலெல்லாம் சோளக்களி, என் தட்டில் வெள்ளைச் சோறு, என்னவே இது என்றேன், உபதேசியார் அவளிடம் கேட்டுக்கேட்டுச் சொல்கிறார், காணிக்கையா வந்ததுல நல்லதை விருந்தாளிக்குத்தான் ஆக்கணுமாம், இருக்கிறதுல நீங்கதான் வயசாளியாம், தூர தேசத்துலேருந்து வந்த மனுஷன், பசியோட இருப்பாருன்னு சொல்லுதாங்க அண்ணாச்சி.

தூர தேசத்துக்காரன், பசியோடு கிடக்கிறவன், அவன் வாயைப் பார்க்கத்தானே கடல் தாண்டி வந்தேன், ஒரு பிடி வாயில் வைக்கிறேன், வேப்பிலைக் கசப்பு லேசாக, உப்புக் குறைவு, அவள் ஆக்கினாலும் உப்புக் குறைவுதான், என் சோற்றில் கை வைத்தாள் என்று ஆயுசெல்லாம் ஏசினேனே, எல்லாம் எனக்குத்தானா அள்ளினாய், ஏட்டி, எனக்குத்தானா, நான் தின்கிற வரைக்கும் எழுந்திருக்காமல் எஸ்னாத் முழங்காலில் இருக்கிறாள், அவளுக்கு முன்னால் தட்டு இல்லை, என் கை சோற்றுக்குள் போகிறது, ஒரு கைப்பிடி அள்ளி அவளிடம் நீட்டுகிறது, வேண்டாம் என்று தலையாட்டுகிறாள், பிறகு இரண்டு கையையும் சேர்த்து ஏந்துகிறாள், அவள் வளையல் தட்டு விளிம்பில் தட்டுகிறது, யாருக்கு அள்ளுதீய என்று பாக்கியக்கனி கேட்கிறாள், சும்மா கெட, ஒரு வாய் குறைஞ்சா செத்தா போயிருவேன் என்கிறேன்.