எல்லோருக்கும் இடது முட்டி

எங்கள் ஓட்டக் குழுவில் பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் இடது முட்டியில் வலி.

இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. எங்களிடையே வலி ஒரு தகுதி. வலி இல்லாதவர் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு மயிலாப்பூர் குளத்து மூலையில் கூடும்போது, "சௌக்கியமா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொள்வோம்.

குழுத் தலைவர் சாய்நாத். வயது நாற்பத்தெட்டு. மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பதவி. போன வருடம் வெளிநாட்டுக்குப் போய் ஒரு நெடுந்தூர டிரையத்லானை முடித்தார். கடலில் நான்கு கிலோமீட்டர் நீச்சல், நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், அதற்குப் பிறகு ஒரு முழு மாரத்தான். மொத்தம் 226 கிலோமீட்டர். அவருடைய தங்கை பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ., அதற்குப் பின்னால் '226 கி.மீ.' என்று அச்சிட்டிருந்தது.

மற்ற ஊர்களில் கடற்கரையிலும் பூங்காவிலும் ஓடுகிறார்கள். நாங்கள் கோயிலையும் குளத்தையும் சுற்றி ஓடுகிறோம். மூன்று மாட வீதிகள், ஒரு மடத்துச் சாலை. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. முப்பது கிலோமீட்டர் ஓட வேண்டிய ஞாயிறுகளில் இருபத்தைந்து சுற்று. எப்போதும் பிரதட்சிணமாக. உடம்புக்கும் ஆச்சு, புண்ணியத்துக்கும் ஆச்சு என்பது அம்பி மாமாவின் கணிப்பு. அவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் இரட்டை வரவு பார்ப்பார்.

நான் தரமணியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் தராசுகளைச் சரிபார்க்கிறேன். பொய் சொல்லும் தராசைக் கண்டுபிடிப்பது என் வேலை. தராசுகள் பதில் பேசுவதில்லை. அதனால் எனக்கு ஒத்துவருகிறது. "நாலு பேரோட பழகினாத்தான் வாய் திறக்கும்" என்று அம்மா என்னை இந்தக் குழுவில் சேர்த்துவிட்டாள். பதிமூன்று பேரோடு பழகினேன். அவர்கள் பேசினார்கள்.

போன ஜனவரியில் என் முதல் மாரத்தான். முப்பத்து நான்காவது கிலோமீட்டரில் இடது முட்டி மடங்க மறுத்தது. பின்தங்கியவர்களை அள்ளிப்போக ஒரு வேன் வரும். அதில் ஏற்றிக்கொண்டார்கள். உள்ளே அம்பி மாமா ஏற்கெனவே இருந்தார், மடியில் தயிர்சாதத்தோடு. முடிவுக்கோட்டைக் குளிர்சாதனத்தில் கடந்தோம்.

"பதக்கம் எங்கே?" என்று அப்பா கேட்டார்.

"தரலைப்பா" என்றேன். அது பொய் இல்லை.

இந்த வருடம் அந்த வேனில் ஏறக் கூடாது. 226 எல்லாம் வேண்டாம். நாற்பத்திரண்டு போதும். என் காலால்.

நவம்பரில் முட்டி மறுபடியும் ஆரம்பித்தது.

வடக்கு மாட வீதியில் பெருக்கும் தேவானைதான் முதலில் கவனித்தாள். மாநகராட்சிப் பச்சைக் கோட்டும் தள்ளுவண்டியுமாக எங்களுக்கு முன்பே வந்துவிடுவாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். சிந்தாதிரிப்பேட்டையில் ஆற்றோரத்தில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே அனுப்பியபோது அனுப்பப்பட்டவள். இங்கே ஐந்து மணிக்கு வேலை தொடங்க மூன்றரை மணிக்கு எழுந்திருக்கிறாள். ஐந்து மணிக்கு எழுவதைப் பற்றித் தினம் ஒரு தத்துவம் எழுதும் சாய்நாத்திடம் இதை யாரும் சொல்லவில்லை.

"இன்னாம்மா, அல்லாரும் ஒரே காலை இஸ்துக்கினு போறீங்க?" என்றாள். "வேண்டுதலா?"

நான் சிரித்துவிட்டுப் போனேன். மூன்று சுற்றுக்குப் பிறகு சிரிப்பு நின்றது. ஒரே காலை. உண்மைதான்.

அடையாறில் உம்மே ஹானி என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். முட்டியை அழுத்திப் பார்த்தார். வெளிப்பக்கம்.

"உங்க குரூப்ல இது ஆறாவது முட்டி. ஆறும் இடது" என்றார். "எங்கேதான் ஓடறீங்க?"

சொன்னேன். அவர் ஒரு தாளில் சாலையைக் குறுக்காக வெட்டி வரைந்தார். நடுவில் மேடு. இரண்டு ஓரமும் சரிவு, மழைத் தண்ணீர் வடிய.

"இடது ஓரமா ஓடறீங்க. இடது கால் எப்பவும் பள்ளத்துல. வாரத்துக்கு அறுபது கிலோமீட்டர். முட்டி வேற என்ன பண்ணும்? பாதி நாள் அதே ஓரத்துல எதிர்த் திசையில சுத்துங்க."

"முடியாதுங்க."

"ஏன்?"

"கோயில்."

அவர் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். "அப்ப ஐஸ் வைங்க" என்றார்.

நேரில் சொல்ல எனக்கு வராது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதினேன். எழுத நான்கு நாள் ஆனது. சாலையின் குறுக்குவெட்டு, சரிவுக் கோணம், இரு கால்களுக்கும் உள்ள உயர வித்தியாசம். கடைசியில், "எனவே ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எதிர்த் திசையில் ஓடலாமா?" என்று கேட்டு அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் கைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

சாய்நாத் கைகூப்பும் படம் அனுப்பினார். அடுத்த பதினேழு நிமிடத்தில் நாற்பத்திரண்டு செய்திகள். பயிற்சியில்கூட எங்களுக்கு அந்த வேகம் வந்ததில்லை.

ஞாயிறு காபியின்போது விவாதம்.

"மதுவந்தி சொல்றதுல சயின்ஸ் இருக்கு. இல்லேங்கலை" என்றார் சாய்நாத். "அதுக்காக அப்பிரதட்சிணமா சுத்த முடியுமா?"

"எங்காத்துல தெரிஞ்சா என்னை உள்ளயே விடமாட்டா" என்றார் அம்பி மாமா. "முட்டிதான் போயிடுத்து. பாவத்தையும் சேர்த்து வாங்கிக்கணுமா?"

"முட்டி வலிக்கு மாத்திரை இருக்கு மாமா. இதுக்கு என்ன இருக்கு?" என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்.

அப்போது நீரஜா பேசினாள். நீரஜா பல் மருத்துவர். "திரும்பிண்டு ஓடினா என்ன?"

"அதைத்தானேம்மா வேண்டாங்கறோம்."

"இல்ல மாமா. சுத்தறது பிரதட்சிணமாவே சுத்துவோம். மூஞ்சியை மட்டும் திருப்பிண்டு. பின்னாடியா ஓடுவோம். வலது கால் பள்ளத்துக்கு வந்துடும்."

சாய்நாத் கைபேசியில் தேடினார். "வெளிநாட்டுல இதுக்குப் போட்டியே நடக்கறதாம்!"

அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

"ஆனா அப்பவும் சுவாமி நமக்கு இடது பக்கம்தானே வருவார்?" என்றார் அம்பி மாமா.

சாய்நாத் கண்ணை மூடி யோசித்தார். அலுவலகத்தில் இப்படித்தான் யோசிப்பார் போலிருக்கிறது. "திசைதான் மாமா முக்கியம். பக்கம் இல்லை."

நான் வாயைத் திறந்தேன். இரண்டாவது காபி வந்தது. மூடிக்கொண்டேன்.

டிசம்பரில், மாட வீதி முழுக்க மார்கழிக் கோலம் போட்டிருந்த காலத்தில், நன்றாகப் படித்த பதினான்கு பேர் கோயிலைச் சுற்றிப் பின்புறமாக ஓடினோம். கோலம் போட்டவர்கள் மாவுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குள் ஓடினார்கள். பஜனைக் கோஷ்டி ஒன்று எதிரே வந்து, எங்களுக்கு வழிவிட்டு, பாட்டை மறந்தது.

அந்த மாதம் மூன்றாவது ஞாயிறு, ஏழாவது சுற்றில், சாய்நாத் தேவானையின் தள்ளுவண்டியில் போய் மோதி, அதற்குள்ளேயே உட்கார்ந்தார்.

"யோவ் நைனா! முன்னால பாத்துக்கினு வர்றவனே இட்சிக்கிறான், நீ முதுவுல கண்ணு கீதுன்னு நெனச்சிக்கினியா?" என்று கத்தினாள் தேவானை. "ஏந்திரு. மக்கும் குப்பை தனியா வெச்சிருக்கேன், கலந்துடாத."

சாய்நாத்தைத் தூக்கி நிறுத்தினோம். அவர் முதலில் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார், அது ஓடுகிறதா என்று. ஓடியது. அவரால்தான் முடியவில்லை. வால் எலும்பு. ஆட்டோவில் குப்புறப் படுக்க முடியாது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

அவர்கள் போனபிறகு நான் சிதறியதைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

"ஏம்மா இப்டி ஓடுறீங்க?" என்றாள் தேவானை. "நெசமாக் கேக்குறேன்."

அவளிடம் பேச எனக்கு ஏனோ கஷ்டமாக இல்லை. சொன்னேன். சரிவு, பள்ளம், இடது கால், பிரதட்சிணம், அப்பிரதட்சிணம். துடைப்பக் குச்சியால் தரையில் படம்கூடப் போட்டேன்.

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு சாலையைப் பார்த்தாள்.

"இதுக்கா? ரோட்டுக்கு அந்தாண்ட ஓடு. கோயில் பக்கமா."

நான் கோயில் பக்கம் திரும்பினேன்.

"மய பேஞ்சா இந்தாண்ட தண்ணி இந்தாண்ட நிக்குது, அந்தாண்ட தண்ணி அந்தாண்ட நிக்குது. அந்தாண்ட ஓடுனா அந்தக் காலு பள்ளத்துல வருது. சாமி எப்பவும் போல சோத்தாங்கை பக்கம். எட்டு வருசமா ரெண்டாண்டயும் பெருக்குறேன், எனக்குத் தெரியாதா?"

எம்.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. என் கையில் இன்னும் அந்தத் துடைப்பக் குச்சி இருந்தது. குழுவில் இரண்டு மருத்துவர்கள், ஐந்து பொறியாளர்கள், ஒரு கட்டுமான ஆலோசகர். இரண்டு வருடமாக ஒருவருக்கும் சாலையைக் கடக்கத் தோன்றவில்லை.

அன்றே குழுவில் எழுதினேன். இந்த முறை நான்கே வரி. ஒரு சுற்று இந்தப் பக்கம், ஒரு சுற்று கோயில் பக்கம், மாற்றி மாற்றி.

சாய்நாத் படுத்துக்கொண்டே பதில் அனுப்பினார்: "நல்ல கவனிப்பும்மா. ஆனா போட்டிக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு. இந்த நேரத்துல புதுசா எந்தப் பரீட்சையும் பண்ணக் கூடாது. அடிப்படை விதி."

பின்புறமாக ஓடிய குழுவின் அடிப்படை விதி அது.

நான் தனியாக ஓடினேன். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, கோயில் பக்க ஓரத்தில், பூக்கூடைகளுக்கும் நிறுத்திய ஸ்கூட்டர்களுக்கும் நடுவே புகுந்து. குழு எதிர் ஓரத்தில் பின்புறமாக வரும். நடுவில் முப்பது அடி இடைவெளி. முதல் நாள் மத்தியானமே நீரஜா செய்தி அனுப்பினாள்: "எங்க மேல ஏதாவது மனஸ்தாபமா? மனசுல வெச்சுக்காதே, பேசு."

பேசினால் கேட்கமாட்டார்கள், பேசாவிட்டால் மனஸ்தாபம். நான் ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பினேன். மூன்றாவது வாரம் முட்டி வலி குறைந்தது. ஐந்தாவது வாரம் இல்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. வலி இல்லை என்று எங்கள் குழுவில் எப்படிச் சொல்வது?

ஜனவரி. மாரத்தான். காலை நான்கு மணிக்குத் தொடக்கம்.

முப்பதைத் தாண்டும்போது விடிந்து வெயில் ஏறியிருந்தது. எனக்குப் பின்னால் யாரும் இல்லை. பெசன்ட் நகருக்குள், நடுவில் தடுப்பில்லாத சாலை ஒன்றில், முப்பத்து நான்கு என்று எழுதிய பலகை தெரிந்தது. அதைப் பார்த்ததும் முட்டிக்கு ஞாபகம் வந்துவிட்டது போலும். வெளிப்பக்கம் ஒரு சுருக். இன்னொரு சுருக். நான் நடந்தேன்.

பின்னால் ஹாரன் சத்தம். அந்த வேன். பக்கத்தில் வந்து ஊர்ந்தது.

ஜன்னல் திறந்தது. சாய்நாத். டாக்டர் ஆறு வாரம் ஓய்வு சொல்லியிருந்தார். பதிவு செய்தாகிவிட்டது, பனியனும் வந்துவிட்டது என்று ஓட வந்து, பதினெட்டாவது கிலோமீட்டரில் ஏறியிருக்கிறார். ஒரு காற்று வளையத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். வளையத்தை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். அவருக்குப் பின்னால் நீரஜா, இன்னும் ஆறு பேர். எல்லோரும் இடது காலை நீட்டியிருந்தார்கள்.

"ஏறிக்கோம்மா. குழுவே இங்கதான் இருக்கு" என்றார்.

"தோளைத் தளர்த்திக்கோ" என்றாள் நீரஜா. "நன்னா ஓடறே. ஆனா ஏறிக்கோ."

பின் ஜன்னலில் அம்பி மாமா டப்பாவைத் தூக்கிக் காட்டினார். "உனக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன். மாங்காய் ஊறுகாயோட."

ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளிருந்து குளிர்காற்று முகத்தில் பட்டது. தயிர்சாத வாசனையும் வந்தது. முப்பத்து நான்கு கிலோமீட்டருக்குப் பிறகு அந்த வாசனை என்னவெல்லாம் செய்யும் என்பதை எழுத முடியாது.

"டயம் முடியப்போவுது மேடம்" என்றார் ஓட்டுநர். "ஏறுறீங்களா, இல்லியா?"

நான் காலைப் பார்த்தேன். சாலையின் இடது ஓரம். இடது பாதம் பள்ளத்தில். முப்பத்து நான்கு கிலோமீட்டராக, பழக்கத்தில், இடது ஓரமாகவே வந்திருக்கிறேன்.

"வேண்டாம் சார்" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. வேனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரலை அவர்கள் இரண்டாவதோ மூன்றாவதோ முறையாகக் கேட்கிறார்கள்.

வேனுக்கு முன்னால் போய்ச் சாலையைக் கடந்தேன்.

"அந்தப் பக்கம் எங்கே போறா?" என்று அம்பி மாமா கேட்பது கேட்டது.

வலது ஓரத்தில் முதல் நூறு அடி நடந்தேன். பிறகு மெல்ல ஓடினேன். சுருக் வந்தது. வந்து, போய்விட்டது. வேன் எதிர் ஓரத்தில் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. பிறகு அலுத்துப்போய் முன்னால் போய்விட்டது. கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது முடித்தேன். நேரம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. பதக்கப் பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். எனக்காக மறுபடி திறந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பா படித்துக்கொண்டிருந்த செய்தித்தாள் மேல் அதை வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்தார். "போன வருஷம் தரலைன்னியே" என்றார்.

"இந்த வருஷம் தந்தா" என்றேன்.

அடுத்த ஞாயிறு சாய்நாத் குழுவின் முன் ஒரு அறிவிப்புச் செய்தார். நின்றுகொண்டே. படுத்திருந்த வாரங்களில் ஆழமாகச் சிந்தித்தாராம். சாலையின் சரிவுதான் காரணமாம். இனி எல்லோரும் கோயில் பக்கமாக ஓட வேண்டும். இதற்கு 'உள்வட்ட முறை' என்று பெயர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

"சார், மாத்தி மாத்தி" என்றேன். "ஒரு சுத்து இந்தப் பக்கம்..."

"முதல்ல ஒண்ணை உறுதியாப் பிடிச்சுப்போம்மா" என்றார்.

உறுதியாகத்தான் பிடித்துக்கொண்டார்கள். இருபத்தைந்து சுற்றும் கோயில் பக்கம். நான் மட்டும் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று சாலையைக் கடந்துகொண்டிருந்தேன். அதைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் தேவானை துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, அவர்கள் வரிசையாகப் போவதையே பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாம்மா, இப்ப அல்லாருக்கும் அந்தாண்ட காலா?"